நீரைத் தேடும் வேர்

மரத்தின் பெருமையை நாம் அண்ணாந்து பார்த்தே பேசுகிறோம். பூவையும் கனியையும் நிழலையும் போற்றுகிறோம். கோடையிலே மரத்தைக் காப்பது மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேர் என்பதை எண்ணுவோர் சிலரே.

சீனன்குடாவில் வாழும் நமக்குக் கோடையின் கொடுமையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஐப்பசி தொடக்கம் தை வரை மாரி பொழிகிறது. பின்னர், மலைநாட்டிலே தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று வீசும்போது மேல்மண் சுட்ட ஓடு போலாகிவிடுகிறது. புல் கருகுகிறது. ஆயினும் திருகோணமலைக் காடுகளிலே பாலையும் வீரையும் பசுமை மாறாது நிற்கின்றன. வறண்ட நிலத்துக்கும் வறட்சிக்கு அஞ்சாத மரத்துக்கும் தமிழிலே பாலை என்னும் ஒரே பெயர் வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

வறண்ட நிலத்துத் தாவரங்கள் நீர் பெறக் கையாளும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று ஆழச் செல்வது; மற்றது அகலப் பரவுவது.

விசயதசமியன்று வன்னி வாழை வெட்டுவதைக் காண்கிறோமல்லவா? அந்த வன்னி, இராசத்தானத்துத் தார்ப் பாலைவனத்தின் தலையாய மரம். அதன் ஆணிவேர் நெடுந்தூரம் கீழிறங்கி ஆழத்து ஈரத்தை உண்கிறது. அதன் உறவினமாகிய மெஸ்கீட் மரத்தின் வேரை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுரங்கம் தோண்டியவிடத்து 53 மீற்றர் ஆழத்திலே கண்டனர். நெடிய பனைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அவ்வாழத்தை ஒருவாறு உணரலாம்.

அதே அரிசோனாவில் வளரும் சகுவாரோ என்னும் பெருங்கள்ளியோ வேறு வழி கொண்டது. அதன் பக்கவேர்களிற் பெரும்பாலானவை ஒரு சாண் ஆழங்கூடச் செல்வதில்லை. ஆனால், கள்ளியின் உயரமளவு தூரம் சுற்றிலும் பரவுகின்றன. சிறுமழை பெய்தாலும் கள்ளிகள் புதிய நுண்வேர்களை விட்டு நீரை உறிஞ்சித் தண்டிலே சேமிக்கின்றன. மண் காய்ந்ததும் அந்நுண்வேர்கள் மடிகின்றன. நம் கடற்கரை மணலிலே அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேரூன்றிப் பரவுவதும் அகலப் பரவும் வழியே.

தொலைவிலுள்ள நீரை வேர் மோப்பம் பிடித்துச் செல்லும் என்று பலரும் கூறுவர். அது முழுதும் உண்மையன்று. 1872ஆம் ஆண்டில் யூலியஸ் சாக்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஈர மரத்தூளை அரிதட்டிலே நிரப்பி, விதைகளை இட்டுச் சாய்வாகத் தொங்கவிட்டார். துளை வழியே கீழிறங்கிய வேர்கள், காற்று வறண்டிருக்கக் கண்டு, ஈரத் தூளை நோக்கி மீண்டும் வளைந்தன. இதனையே நீர்த்திருப்பம் என்கிறோம். மாணவர்கள் பயற்றம் விதைகொண்டு இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தன்னருகே எப்பக்கம் ஈரம் மிகுதி என்பதை வேர் உணரும். காய்ந்த மண்ணுக்கு அப்பாலுள்ள கிணற்றை அது அறியாது. முற்றும் காய்ந்த மண்ணைத் துளைத்துச் செல்லவும் அதனால் இயலாது. மாரியிலே மழைநீர் கீழிறங்க, அதன் பின்னே வேரும் இறங்குகிறது. கோடையைத் தாங்கும் ஆழம் மாரியிலேயே தேடிக்கொண்டதாகும்.

இங்கேதான் நமக்கொரு பாடம் உண்டு. யூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினம். அன்று பாடசாலைகளிலே கன்று நடுவது நல்ல வழக்கமே. ஆனால், நம் பகுதியில் அது கச்சான் வீசும் காலம். இளவேர் பின்தொடர்ந்து செல்ல மண்ணில் ஈரம் ஏது? நட்ட கன்று வாடினால் பிள்ளைகளின் ஆர்வமும் உடன் வாடும். யூனிலே விதையிட்டு நாற்று வளர்ப்போம். ஐப்பசியின் முதல் மழையோடு கன்றை நடுவோம். பொலித்தீன் பையிலே நெடுங்காலம் வைத்திருந்தால் ஆணிவேர் சுருண்டுவிடும், அதனையும் தவிர்ப்போம்.

கன்று வேரூன்றிய பின், நாள்தோறும் மேல்மண்ணை மட்டும் நனைப்பது நன்றன்று. வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, ஆழ ஊறும்படி நீர் வார்த்து, அடியிலே சருகு பரப்புங்கள். கிணற்று நீரும் மிஞ்சும், கன்றும் பிழைக்கும்.