டேஷ்போர்டுக்குள் ஒரு ‘டிக் டிக்’ ஓசை

சென்ற மாதம் என் தாயாரை மருத்துவரிடம் காட்டுவதற்காகப் புவனகிரியிலிருந்து கடலூருக்குக் காரில் அழைத்துச் சென்றேன். ஆஸ்துமா உள்ள அவர்களுக்குப் புகையும் புழுதியும் ஆகா. பு.முட்லூரைக் கடந்ததும் முன்னே சென்ற லாரி ஒன்று கரும்புகையைக் கக்கியது. வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, ஆனால் புகை உள்ளே வருவது நிற்கவில்லை. டேஷ்போர்டின் இடப்புறத்திலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஓசை மட்டும் விடாமல் கேட்டது. தாயாருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கவே, புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஹேலர் கொடுத்து அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

அந்த ஓசைக்குக் காரணம் என்ன? 1983-இல் வெளிவந்த மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில், நாம் நகர்த்தும் நெம்புகோலே ஒரு கம்பியின் மூலம் காற்றுத் தடுப்பு மடலை இழுக்கும். இன்றைய வண்டிகள் பலவற்றில் அவ்வேலையைத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மோட்டார் ஒன்று செய்கிறது. அதனுள் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் உள்ளன. பற்கள் தேய்ந்தாலோ உடைந்தாலோ சக்கரம் வழுக்கி, ‘டிக் டிக்’ என ஒலிக்கும், மடல் அசையாது.

மடல் திறந்தபடி நின்றுவிட்டால் புகை உள்ளே வரும். மூடியபடி நின்றாலும் தீங்குதான். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு உள்ளது. நான்கைந்து பேர் அமர்ந்த மூடிய காரில் அது விரைவிலேயே 2000-ஐத் தாண்டக்கூடும். தலைவலியும் தூக்கக் கலக்கமும் வரும். மழைக்காலத்தில் கண்ணாடியில் ஆவி படிந்து பாதையும் மறையும்.

பணிமனை ஒன்றில் காட்டினேன். டேஷ்போர்டு முழுவதையும் இறக்கவேண்டும், 12,000 ரூபாய் ஆகும் என்றனர். டிப்ளமோ படிக்கும் என் மகன், “அத்தா, ஒரு தடவை நாமே திறந்து பார்ப்போமே” என்றான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் வேலையில் இறங்கினோம்.

முதலில் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்தோம். டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருப்பதால் இது மிகவும் அவசியம். மஞ்சள் உறையிட்ட ஒயர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடவே கூடாது. பிறகு இடப்புறப் பெட்டியின் பக்கங்களை உள்நோக்கி அழுத்திக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பார்த்தபோது, காற்றுப் பெட்டியின் ஓரத்தில் மூன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்த மோட்டார் தெரிந்தது. கனெக்டரை எடுத்து, மோட்டாரைக் கழற்றித் திறந்தோம். ஒரு சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன.

புதிய மோட்டார் 1,400 ரூபாய்க்குச் சிதம்பரத்தில் கிடைத்தது. அதைப் பொருத்த முனைந்தபோது மகன் தடுத்தான். “அத்தா, பல் ஏன் உடைந்தது என்று பார்க்கவில்லையே?” நல்ல கேள்வி! விரலால் மடலைத் திருப்பிப் பார்த்தேன்; பாதி தூரத்தில் இடித்து நின்றது. ஏ.சி. ஃபில்டரை உருவிப் பார்த்ததும் உண்மை விளங்கியது. வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டிக்குள் எலி புகுந்து, வைக்கோலும் இலைக்காம்புமாய்க் கூடு கட்டியிருந்தது. மூடாத மடலோடு போராடியே மோட்டார் பழுதாகியிருக்கிறது. கூட்டை அகற்றாமல் புதியதைப் பொருத்தியிருந்தால் அதுவும் அதே கதியை அடைந்திருக்கும்.

மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கையுறை அணிந்து, குப்பையை அகற்றினோம். மடல் தடையின்றித் திரும்பியது. மோட்டாரின் அச்சை மடலின் துளைக்கு நேராக வைத்துத் திருகாணிகளை அளவோடு முடுக்கினோம். பிளாஸ்டிக் ஆதலால் அதிகம் முடுக்கினால் விரிந்துவிடும். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பியபின் ஒரு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பல வண்டிகளில் மோட்டார் அந்நேரத்தில்தான் மடலின் இரு எல்லைகளையும் கண்டறியும். பிறகு பொத்தானை அழுத்த, காற்றின் ஓசை மாறியது, மடல் மூடிவிட்டது.

இம்முயற்சியில் இறங்குவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். பேட்டரியைக் கழற்றினால் சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். அதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துச் சோதிக்காதீர்கள். உள்ளே மின்னணுச் சுற்று இருந்தால் கருகிவிடும். மோட்டார் ஸ்டீயரிங் பக்கத்திலோ டேஷ்போர்டின் ஆழத்திலோ இருந்தால், தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. முன்கண்ணாடியின் அடியில் சேரும் சருகுகளை வாரந்தோறும் அகற்றுங்கள். வண்டிக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள்.

இம்மாதமும் கடலூருக்குச் சென்றோம். பு.முட்லூர் தாண்டி மீண்டும் ஒரு லாரி, மீண்டும் புகை. பொத்தானை அழுத்தினேன். சிறிது நேரம் கழித்துத் தாயார், “தம்பி, இன்னிக்கு அந்த டிக் டிக் சத்தத்தைக் காணோமே?” என்றார்கள். புதுச்சத்திரத்தில் இம்முறை வண்டியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.