மூன்றாம் மாதம் வரும் மாத்திரை போதுமா? பரேலில் தொடங்கிய ஆராய்ச்சி சொல்வது என்ன

கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையில் இரும்புச்சத்தோடு "போலிக் ஆசிட்" என்ற சத்தும் இருக்கிறது. ரத்தம் ஊறத் தரும் மாத்திரை என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். பிறக்கப்போகும் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகவும் அந்தச் சத்து வேண்டும். இந்த விஷயத்தில் முதல் துப்புக் கிடைத்தது இதே மும்பை பரேலில்!

1928-ம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். ஏழைப் பெண்கள் பலர், மில் தொழிலாளிகள் உள்பட, கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை கண்டு மடிந்துகொண்டிருந்த காலம் அது. பரேல் ஹாப்கின் ஆய்வுக்கூடத்தில் வில்ஸ் காரணம் தேடினார். கிருமியா என்று பார்த்தார், இல்லை. காய்கறி, பழம், பால் கண்ணில் காணாதவர்களிடமே நோய் அதிகம் என்று தெரிந்தது. குன்னூர் பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் கூட அவர் வேலை செய்தார். கடைசியில் நோயைத் தீர்த்தது எது தெரியுமா? வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் "மார்மைட்" என்ற ஈஸ்ட் சாறு! 1931-ல் அதை உலகுக்கு அறிவித்தார்.

சாற்றில் இருந்த மருந்துப் பொருள் எது என்று அவருக்குத் தெரியாது. "வில்ஸ் பொருள்" என்றே அதை அழைத்தார்கள். 1941-ல் கீரையில் இருந்து பிரித்தெடுத்தபோது போலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் குழுவுக்கு வழிகாட்டியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

28 நாள் கணக்கு

1991-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி, ரத்த மருந்தை நரம்பு மருந்தாகவும் ஆக்கியது. முதுகெலும்பு பிளந்தோ, மூளை வளராமலோ குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு, மறு கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார்கள். அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

சிக்கல் இங்கேதான். கரு உண்டாகி சுமார் 28 நாட்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதை பெண் கவனிக்கும்போதே அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். மூன்றாம் மாதம் பெயர் பதிந்து வாங்கும் மாத்திரை தாயின் ரத்தத்துக்கு உதவும். மூடாத குழாயை அது மூடாது.

நெல்லையில் தாலி கட்டி, தாராவியில் குடித்தனம் தொடங்கும் பெண்ணின் நிலை என்ன? ஊர் நர்சின் பட்டியலில் இருந்து அவள் பெயர் போய்விடும். இங்கே பெயர் ஏறுவது கர்ப்பம் தெரிந்த பிறகுதான். அவசியமான அந்த நாலு வாரம் இரண்டு ஊருக்கும் நடுவே கழிந்துபோகிறது.

ரேஷனில் செறிவூட்டிய அரிசி வழங்கும் திட்டம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் விதிப்படி அந்த அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் போலிக் ஆசிட்தான். கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கு டாக்டர்கள் சொல்வதோ தினம் 400 மைக்ரோகிராம். அரிசியை மட்டும் நம்பினால் தினமும் நாலு கிலோ சாப்பிட வேண்டும். பகாசுரனுக்குத்தான் முடியும்!

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் மராட்டியத்தில் 54.2 சதவீதம். தமிழ்நாட்டில் 53.4. ஊர் மாறினாலும் நோய் மாறவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பி-12 வைட்டமின் குறைவாலும் இதே மாதிரி ரத்தசோகை வரும். பால், முட்டை, மீன், இறைச்சி அதிகம் சேர்க்காதவர்களுக்கு அது வரலாம். அவர்களுக்கு வெறும் போலிக் ஆசிட் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கால் மரத்துப்போவதும் தள்ளாடுவதும் அதன் அடையாளங்கள். அப்படி இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்த பிறகே மாத்திரை.

முன்பு இந்தக் குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதாது. 1991 ஆராய்ச்சியில் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு. அதை டாக்டர்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே போய்க் கேட்க வேண்டும்.