அது அப்படித்தான் சார்!

புது கார் வாங்கினவங்க சர்வீஸ் சென்டர்ல கேட்கிற பதில்கள்லயே எனக்கு சுத்தமா பிடிக்காதது இந்தத் தலைப்புதான். அரை கோடிக்கு மேல விலை, ஆட்டோமேட்டிக் கியர். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஒரு நொடி சும்மா யோசிக்குது, அப்புறம் சடார்னு பாயுது. கேட்டா, "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்". பழகப் போறது காரா, நாமளா? அதை மட்டும் சொல்ல மாட்டாங்க :)

எங்க மாமாவோட கார் கதைதான் இது (கம்பெனி பேர் வேணாம், எதுக்கு வம்பு). அமிர்திக்குப் போற மேட்டுல லோடு வண்டி பின்னாடி ஊர்ந்துட்டுப் போகும்போது யோசிச்சா எரிச்சல், அவ்வளவுதான். ஆம்பூர்கிட்ட பெங்களூர் ஹைவேல யூ டர்ன் அடிக்கும்போது, எதிர்ல பஸ் வர்ற நேரத்துல யோசிச்சா?

நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி கார்கள் பலதுல இருக்கிறது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஒரு கிளட்ச்சுக்கு 1, 3, 5, 7. இன்னொண்ணுக்கு 2, 4, 6. ஒரு கியர்ல ஓடும்போதே அடுத்தது எதுன்னு கம்ப்யூட்டர் ஊகிச்சு தயாரா வெச்சிருக்கும். ஊகம் சரியா இருந்தா வெண்ணெய் மாதிரி மாறும். வேகம் குறைச்சு உருட்டிட்டு வந்து திடீர்னு மிதிச்சா ஊகம் தப்பும், தாமதம் வரும். டர்போவும் சேர்ந்தா இன்னும் கொஞ்சம். இந்த அளவுக்கு 'அது அப்படித்தான்' சரி. ஆனா சமதளத்துல, நின்ன இடத்துலேர்ந்து கிளம்பும்போதும் யோசிச்சா, நாளுக்கு நாள் கூடினா, ஸ்போர்ட் மோடுல போட்டும் போகலைன்னா, அது குணமில்ல, கோளாறு. (எங்க ஆபீஸ்லயும் பக் ரிப்போர்ட்டை 'டிசைனே அப்படித்தான்'னு மூடுற ஆளுங்க உண்டு. அந்த வாடை எனக்கு தூரத்துலயே தெரியும்.)

எனக்கு ஆச்சரியம் மாமாதான். தோல் வியாபாரம். வெளிநாட்டு பையர் ஒரு கீறலைப் பார்த்து முழு லாட்டையும் ரிஜெக்ட் பண்ணுவான். 'அது அப்படித்தான், மாட்டுத் தோல்ல கீறல் இருக்கும்'னு இவர் சொல்லிப் பார்க்கட்டும்! அப்படிப்பட்டவர் ஷோரூம்ல ஏசி காத்துல காபி குடிச்சுட்டு தலையாட்டிட்டு வர்றார்.

ஆஸ்திரேலியாவுல ஃபோர்டு இதே பாட்டைத்தான் பாடுச்சு. பவர்ஷிஃப்ட்ங்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உதறுதுன்னு வந்தவங்ககிட்ட, நீங்க ஓட்டுற விதம் அப்படின்னு சொல்லியிருக்காங்க, பிரச்சனை இருக்குன்னு தெரிஞ்சே. 2018ல கோர்ட் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு.

நம்ம நாட்டுலயும் உண்டு. 2009 செப்டம்பர் 25ல ஒரு நிறுவனம் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் வாங்கி, 29ஆம் தேதியே பெரிய கோளாறுன்னு ஒர்க்‌ஷாப்புக்குப் போச்சு. நவம்பர்ல மறுபடியும். போலீஸ் கேஸ் வரைக்கும் போய், 2012ல ஹைகோர்ட் கேஸை ரத்து பண்ணிட்டு புது கார் குடுங்கன்னு சொல்லுச்சு. கம்பெனி தரேன்னாங்க, வாங்கினவங்க பணம்தான் வேணும்னாங்க. கடைசியா 2024 ஜூலை 10ல சுப்ரீம் கோர்ட் 50 லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம்! அந்தக் கார் அதுக்குள்ள ரெட்டை ஆயுசு வாழ்ந்திருக்கும்.

அதனால கோர்ட்டுக்கு முன்னாடி செய்ய வேண்டியதைச் செய்யுங்க. டெக்னீஷியனைப் பக்கத்துல உட்கார வெச்சு, பிரச்சனை வர்ற அதே ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க. அதே மாடல் டெமோ காரையும் அதே இடத்துல ஓட்டிப் பாருங்க. சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணேன்னா, முன்ன என்ன வெர்ஷன், இப்ப என்னன்னு கேளுங்க. முக்கியமா, 'ஜெனரல் செக்கப்'னு எழுதின ஜாப் கார்டுல கையெழுத்துப் போடாதீங்க. எத்தனை கிலோமீட்டர்ல, எந்த வேகத்துல, எத்தனை நொடி தாமதம்னு எழுத வைங்க. 'அது அப்படித்தான்'னா, அதையும் எழுத்துல தரச் சொல்லுங்க. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா இந்தக் காகிதம்தான் பேசும். கொடுத்த விலை 50 லட்சம் வரைன்னா மாவட்டம், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம்.