பதினாறு வயதின் சுஜாதா

சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜனைப் (1935–2008) பற்றித் தமிழ் வாசகர்கள் சொல்லும் கருத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பார் ஒருவர். சுவாரசியத்துக்கு மேல் எதுவும் தராதவர் என்பார் இன்னொருவர். பல வேளைகளில் இரண்டையும் சொல்பவர் ஒரே வாசகர்தான். முதல் கருத்து அவருக்குப் பதினாறு வயதில் உண்டானது, அடுத்தது நாற்பதில். இந்த வயது வேறுபாட்டை விட்டுவிட்டுச் சுஜாதாவை மதிப்பிட முயன்றதால்தான் அவரைப் பற்றிய விவாதம் இத்தனை காலம் ஒரே இடத்தில் சுற்றிவருகிறது.

தமிழில் சிறுவர்களுக்கு 1947 முதல் அம்புலிமாமா இருந்தது, பின்னர் கோகுலம் வந்தது. அவற்றைத் தாண்டியவுடன் கைக்குக் கிடைத்தவை பெரியவர்களின் வார இதழ்கள். பள்ளி இறுதியிலும் கல்லூரித் தொடக்கத்திலும் இருப்பவர்களுக்கென்று பதிப்பாளர்கள் தனி வகை எதையும் வளர்க்கவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. 1968-இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ அதை வேறு விதமாக நிரப்பத் தொடங்கியது. அதில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷும், பிறகு அவருடன் சேர்ந்த வசந்தும் அந்த வயதினருக்கு அண்ணன்கள் போல ஆனார்கள். ஒருவர் நிதானம், மற்றவர் துடுக்கு. இருவரும் படித்தவர்கள், ஆங்கிலமும் தமிழும் கலந்து அன்றைய நகர இளைஞனைப் போலவே பேசினார்கள்.

வாசகர்கள் முதலில் குறிப்பிடுவது அந்த நடையைத்தான். நீண்ட வருணனை இல்லை; வாக்கியம் பாதியில் நின்றால்கூட அர்த்தம் முழுதாகக் கிடைக்கும். படியிறங்கும் காட்சியில் எழுத்துகளையே படிப்படியாக இறக்கி அச்சிட வைத்தார். அந்த வயதில் படித்தவர்களுக்கு, தமிழை இப்படியும் எழுதலாம் என்பதே பெரிய செய்தியாக இருந்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றியபடியே எழுதியவர் என்பது இன்னொரு ஈர்ப்பு. ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார், ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு விடை எழுதினார். பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் அறிவியல் இருக்கிறது என்று பல மாணவர்கள் அறிந்தது அங்கேதான். ‘பிரிவோம் சந்திப்போம்’ தொடரின் ரகுபதி–மதுமிதா காதலை இன்றும் தம் சொந்த நினைவு போலச் சொல்பவர்கள் உண்டு.

வாசகர்களின் மனக்குறைகளில் கனமானது அவர் பெண்களை எழுதிய விதம். பெண் பாத்திரம் கதைக்குள் நுழையும்போது அவளுடைய உடல்தான் முதலில் விவரிக்கப்படுகிறது. வசந்தின் கிண்டல்கள் பெரும்பாலும் அவளைக் குறிவைத்தே வருகின்றன. அந்தக் காலத்து வார இதழ்கள் அப்படித்தான் இருந்தன என்ற சமாதானம் போதாது. பெண்ணோடு எப்படிப் பேசுவது என்று ஒருவன் பழகிக்கொள்ளும் வயதில்தான் இந்தக் கதைகள் படிக்கப்பட்டன. இளையோரின் எழுத்தாளர் என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் குற்றச்சாட்டைக் கூடுதல் அக்கறையோடு கேட்டாக வேண்டும். வாசகிகள் இதை நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். காது கொடுத்தவர்கள் குறைவு.

வாசகர் எதிர்ப்பு தொடரையே நிறுத்திய நிகழ்வும் உண்டு. 1857 எழுச்சியைக் களமாகக் கொண்டு குமுதத்தில் அவர் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’, ஒரு சமூகத்தினர் எதிர்த்ததால் சில அத்தியாயங்களிலேயே நின்றது. பின்னர் அதே களத்தில் ‘ரத்தம் ஒரே நிறம்’ வெளிவந்தது. வார இதழ் தொடரில் வாசகரின் கருத்து, புத்தகம் முடிந்த பின் வரும் மதிப்புரை அல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்வது. சுஜாதாவின் வேகத்துக்கும் அவசர முடிவுகளுக்கும் இந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

சாகித்திய அகாதமி விருது அவருக்குக் கிடைக்காதது வாசகர்களின் நிரந்தர வருத்தம். புதுச்சேரி வாசகர்களுக்கு இங்கே ஓர் ஒப்பீடு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த பிரபஞ்சனும் வார இதழ்களில் நிறைய எழுதியவர். பிரெஞ்சுக் காலப் புதுச்சேரியை எழுதிய ‘வானம் வசப்படும்’ நாவலுக்கு 1995-இல் அந்த விருதைப் பெற்றார். ஆகவே வெகுஜன இதழில் எழுதியதால்தான் சுஜாதா விலக்கப்பட்டார் என்ற வாதம் முழுதாக நிற்காது. அவருடைய நாவல்களில் பலவற்றின் தொடக்கத்தில் இருக்கும் கூர்மை கடைசி அத்தியாயங்களில் இல்லை. சிறுகதைகளில் அந்தக் குறை இல்லை. ஸ்ரீரங்கத்துக் கதைகளில் வரும் மனிதர்கள் நாற்பது வயதில் திரும்பப் படிக்கும்போது பதினாறில் தெரியாத துயரங்களோடு தெரிகிறார்கள். கணேஷ்–வசந்த் வழியாக அவரிடம் வந்த இளம் வாசகர்களில் பலர் இந்தக் கதைகள் வரை வருவதில்லை; வந்தவர்களோ, சுஜாதாவைப் பற்றிய தம் கருத்தை மறுபடியும் ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள்.