பம்பாய்த் தேக்கில் ஒரு நீண்ட ஆயுள்



கடலில் மிதக்கும் மரத்தை உப்பும் துளைப்புழுவும் சில பத்தாண்டுகளிலேயே அரித்துவிடும். ஆனால் 1817-ஆம் ஆண்டில் நீரில் இறங்கிய ஒரு மரக்கலம், இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் மிதந்துகொண்டிருக்கிறது. திரிகோணமலைத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலே அது.

நெப்போலியனுடன் நிகழ்ந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எனவே பம்பாயில் மலபார்த் தேக்கைக் கொண்டு கப்பல் கட்ட ஆணை பிறந்தது. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ அவற்றைக் காக்கும். ஆனால் கப்பலின் வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலொன்று வீழ்த்தியது. வேறு படிகள் வந்து சேர்ந்த பின்னரே பணி தொடங்கியது. பார்சி சமூகத்தைச் சேர்ந்த ஜாம்ஷெட்ஜி போமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் உருவான கப்பல், 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது.

1819-இல் அது இங்கிலாந்தை அடைந்தபோது போர் ஓய்ந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. போருக்கென்றே பிறந்த கப்பல், கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் துறைமுகத்தில் வாளாவிருந்தது. பின்னர் பீரங்கிகள் 26 ஆகக் குறைக்கப்பெற்று, 1847 முதல் மேற்கிந்தியத் தீவுகளிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் பணியாற்றியது. அப்பணி முழுவதும் பெருமைக்குரியதன்று. 1856-இல் வான்கூவர் தீவின் பூர்வகுடியினரை அடக்க ஆளுநர் டக்ளஸ் இக்கப்பலின் படையினரையும் அழைத்துச் சென்றார். அங்கே பூர்வகுடி மனிதர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார்.

1860-க்குப் பின் அது பயிற்சிக் கப்பலாயிற்று. 1897-இல் உடைக்கப்படுவதற்காக விற்கப்பட்டதை வீட்லி காப் என்பவர் வாங்கி, 'ஃபூட்ராயன்ட்' என்று பெயர் மாற்றினார். அப்பெயருடன் 1986 வரை அது இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தது. பிறகு ஹார்டில்பூல் நகரில் செப்பனிடப்பெற்று, 1992-இல் பழைய பெயரையே மீண்டும் பெற்றது. பணி 2001-இல் நிறைவுற்றது. இன்று அது அங்கே அருங்காட்சியகக் கப்பலாக மிதக்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள்: பீரங்கி ஏந்திக் கடலில் அலைந்தது பத்தாண்டுகளுக்கும் குறைவே, மாணவர்களைச் சுமந்ததோ நூறாண்டுக்கும் மேல். அதனை ஏவிய பேரரசு மறைந்துவிட்டது. பம்பாய்த் தச்சர்கள் இழைத்துப் பொருத்திய தேக்கோ இன்றும் நீரைத் தாங்கி நிற்கிறது. எத்தொழிலாயினும் செவ்வனே செய்யப்பட்டது, செய்வித்தவரையும் கடந்து நிற்கும்!