பட்டர் பார்த்த கண்

ஸ்ரீரங்கத்தில் ரங்கா ரங்கா கோபுரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒதுங்கினால் வேணுகோபாலன் சன்னதி. அதன் வெளிச்சுவரில்தான் அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். வீணையோடு ஒருத்தி, கிளியோடு ஒருத்தி, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிறவள் ஒருத்தி. ஹொய்சளர் பாணி என்பவர்களும் உண்டு, நாயக்கர் காலத்து வேலை என்பவர்களும் உண்டு. யார் செய்திருந்தாலும் இடுப்பு ஒடியும் இடத்தில் உளி சற்று நின்று யோசித்திருப்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்காரும் இடம் இது. நானும் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன்.

அதே பிள்ளைகள் கிழக்கே சேஷராயர் மண்டபத்துக்கும் போவார்கள். அங்கே முன்னங்கால்களைத் தூக்கிய கல் குதிரைகள், மேலே ஈட்டியோடு வீரர்கள், கீழே வாய் பிளந்த புலிகள். சில மாதங்களுக்கு முன் ஒரு பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். குதிரையின் மூக்குத்துளை, கடிவாளம், பிடரி மயிர் எல்லாம் அருமையாக வந்திருந்தன. மேலே இருந்த வீரன் மட்டும் வெறும் வெளிக்கோடு. பக்கத்தைத் திருப்பினால் வேணுகோபாலன் சன்னதிப் பெண், வளையல் முதல் கால் சதங்கை வரை முழுதாக. “குதிரைக்காரனை ஏன் விட்டுட்டே?” என்று கேட்டேன். “ஆம்பளைல வரையறதுக்கு என்ன சார் இருக்கு?” என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை; உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறான். ஓவியம் கற்பவர்களிடம் இதை வேறு வேறு வார்த்தைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். பெண் என்றால் வளைவு, நகை, புடவை மடிப்பு. ஆண் என்றால் ஒரு சட்டை, ஒரு மீசை, முடிந்தது. பெண்பிள்ளைகளும் பெரும்பாலும் பெண்ணைத்தான் வரைகிறார்கள். இதை இயற்கையான ரசனை என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை.

மலைக்கோட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். உச்சிப்பிள்ளையாருக்கு ஏறும் வழியில், மேல் குடைவரையில், மகேந்திரவர்மன் காலத்துக் கங்காதரர் இருக்கிறார். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆளுயரத்துக்கும் மேலே சிவன் நிற்கிறார்; சடையின் ஒரு புரியைக் கை பிடித்திருக்கிறது; அதில் இறங்கிவரும் கங்கை கைகூப்பியபடி மிகச் சிறியவள். சுற்றிலும் மண்டியிட்டவர்களும் பறப்பவர்களும். பார்வை முழுவதும் ஓர் ஆணின் உடல்மேல்தான். அதில் முறுக்கிய தசை கிடையாது. தோள் அகலம், இடை மெலிவு, மூச்சை உள்ளே நிறுத்திய வயிறு. ஆணில் வரைய என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு 1,400 வருடமாக அங்கே பதில் நின்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சிற்பத்தை ஒட்டிய தூணில் உள்ள வடமொழிக் கல்வெட்டு இன்னும் சுவையானது. நதிகள்மேல் ஆசையுள்ள சிவன், கண்ணுக்கினிய காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி, பார்வதி பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்துவிட்டாளாம். இந்த ஆறு பல்லவனுடைய காதலி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். எழுத்தில் இரண்டு பெண்கள், கல்லில் ஓர் ஆண். ஒரே அரசன், ஒரே குகை. ஆணா பெண்ணா என்று ஒரு கட்சி எடுக்க வேண்டிய தேவையே அன்றைக்கு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்தபதிகளுக்கு இது ரசனை விஷயமே இல்லை, கணக்கு. உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் 124 அங்குலம். மத்திம தசதாளத்தில் தேவியருக்கு 120. நாலு அங்குலம்தான் வித்தியாசம். இரண்டு உருவத்துக்கும் ஒரே பயிற்சி, ஒரே பொறுமை. பெண் உருவத்தை நன்றாகச் செய்வேன், ஆண் உருவம் எனக்கு வராது என்று ஒருவர் சொன்னால் பட்டறையில் அவருக்கு வேலை இருந்திருக்காது.

கணக்கு எங்கே மாறியது? வாங்குகிறவர் மாறிய இடத்தில் என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, காக்காப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகத் தகட்டில் தீட்டிய படங்களுக்குப் பெயர்போனது. வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் சீமைக்கு எடுத்துப்போன சின்னச் சின்னப் படங்கள். தஞ்சை, திருச்சிப் பக்கத்துக் கம்பெனி ஓவியத் தொகுதிகளில் ஒவ்வொரு சாதியும் தொழிலும் புருஷன் பெண்டாட்டியாகவே நிற்கும். அவனுக்கு எவ்வளவு இடமோ அவளுக்கும் அவ்வளவு. கையில் அவரவர் தொழிற்கருவி. சரிபாதி என்று மகிழ்வதற்கில்லை. ஒவ்வொரு ஜோடியும் ஒரு மாதிரி உரு, ஆளில்லை. சில தொகுதிகளில் அட்டையில் முகம் மட்டும் தீட்டியிருப்பார்கள். அதன்மேல் முகமில்லாத உடைகள் வரைந்த தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியது. முகம் ஒன்றுதான். உடை மாற மாற ஆள் மாறுவதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தகடு நம் கையை விட்டுப் போகவில்லை. வாரப் பத்திரிகைகளில் ஆணுக்குக் குணம், பெண்ணுக்கு அழகு என்று ஒரு பாகப்பிரிவினை வெகுகாலம் நடந்தது. பத்திரிகை ஓவியர் மாலியின் கோட்டில் சங்கீத வித்வான்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். உட்காரும் விதத்திலேயே யாரென்று சொல்லிவிடலாம். பின்னால் வந்த தொடர்கதைப் படங்களில் கதாநாயகிக்குப் புடவையும் ஜடையும் மாறின, முகம் மாறவில்லை. கோபுலு போன்ற சிலர் இதற்கு விலக்கு. தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் போட்ட படங்களில் துணைப் பாத்திரங்களுக்குக்கூடத் தனி முகம் உண்டு. மற்றபடி பெண்ணை அதிகம் வரைந்தோம், குறைவாகப் பார்த்தோம். ஆணை வரைவதையே விட்டோம்.

இது இயற்கையான ரசனை இல்லை என்பதைத்தான் வெளியூர்க் கதையும் சொல்கிறது. மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் கூரையின் லிபிய தீர்க்கதரிசினிக்காகப் போட்ட ஆயத்தப் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு நின்றவர் ஓர் ஆண். லண்டன் ராயல் அகாடமியை 1768இல் தொடங்கியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்கள் உண்டு. ஆனால் அகாடமி உறுப்பினர்கள் ஆண் மாடலைச் சூழ்ந்திருப்பதாக ஜொஃபனி வரைந்த ஓவியத்தில் இவர்கள் இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டுமே இருக்கிறார்கள். ஆடையில்லாத ஆண் நிற்கும் அறைக்குள் பெண் வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். எதிரே நிற்க யாருக்கு அனுமதி, உள்ளே உட்கார யாருக்கு அனுமதி என்று ஊர் தீர்மானித்துவிடுகிறது. எஞ்சியதைத்தான் ஓவியரின் விருப்பம் என்கிறோம்.

1926இல் ஃப்ளாரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அளக்க ஓர் ஆளை வரையச் சொன்னார். ஆணைத்தான் வரையச் சொன்னார். காரணம், ஆண்களின் உடை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், மதிப்பெண் போட எளிது. சேஷராயர் மண்டபத்துப் பையன் ஆணை ஒதுக்கியதும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான். இரண்டு பேர் கண்ணும் உடையில்தான் நின்றது.

உடையைத் தாண்டிப் போனவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம்.ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி காந்தியைக் கறுப்பு மையில் நூறு படங்களாக வரைந்தார். நகை இல்லை, மடிப்பு இல்லை. வெறும் மேலோடு ஒரு கிழவர். ஆனாலும் நூறு படம் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. விலா எலும்பில் ஓடும் அந்தப் பேனாக் கோடு, குனிந்த கழுத்தில் திடீரென்று அடர்ந்து கறுக்கும். அவரே பிறகு மகாராஜாக்களை வரைந்தார். அங்கே ஆடம்பரம் முழுவதும் உடையில், ஆள் உள்ளே கரைந்துபோயிருப்பான். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த எஸ்.இளையராஜா எதிர்த்திசையில் போனார். பெரும்பாலும் பெண்கள், கறுப்பு நிறத்தவர்கள், வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் இருப்பவர்கள். ஆனந்த விகடனில் வந்த படங்களால் ஊரெல்லாம் அறிந்த அவரைக் கொரோனா 2021இல் கொண்டுபோய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழும் அந்த முகங்களில் எதையும் இன்னொன்றோடு மாற்றி வைக்க முடியாது. ஒருவர் ஆணை வரைந்தார், ஒருவர் பெண்ணை வரைந்தார் என்று இவர்களைப் பிரித்து என்ன ஆகப்போகிறது? இரண்டு பேரும் எதிரே இருந்த ஆளைப் பார்த்தார்கள்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், பகல்பத்தின் பத்தாம் நாள், ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருள்வார். புடவை, நகை, பூ எல்லாம் தாயாருக்கு உரியபடி. இதைப் பற்றி ஊரில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஒருமுறை இந்தக் கோலத்தில் இருந்த பெருமாள், வைணவ ஆசாரியர் பராசர பட்டரிடம் தான் நாச்சியாரைப் போலவே இருக்கிறேனா என்று கேட்டாராம். பட்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லாம் பொருந்துகிறது, கண்ணின் பார்வை மட்டும் தாயாருடையதாக இல்லை என்றாராம். எனக்குத் தெரிந்து ஓவிய மாணவனுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆடையும் அணியும் அசைக்க முடியாத கச்சிதத்தில் இருந்தபோதும் பட்டருக்குக் கண் போய் நின்ற இடம் வேறு.

பள்ளிக்கூடங்களில் ஓவிய வகுப்பு என்றால் இன்னும் அச்சுப்படத்தைப் பார்த்துப் போடுவதாகவே இருக்கிறது. செல்பேசி வந்தபின் அந்த அச்சுப்படம் கைக்குள்ளேயே வந்துவிட்டது, அவ்வளவுதான். எதிரே ஓர் ஆளை உட்கார வைத்து அரைமணி நேரம் பார்க்கச் சொல்லும் வாத்தியார்கள் அங்கொருவர் இங்கொருவர். பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவையும், வாசலில் இருக்கும் வாட்ச்மேனையும் சம்மதம் கேட்டு உட்கார வைக்கலாம். பையன்கள் தங்கள் அப்பாவின் கையை வரைந்து வரட்டும். எத்தனை பேர் அதை இதுவரை பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

அன்றைக்கு அந்தப் பையனோடு மறுபடி சேஷராயர் மண்டபத்துக்குப் போனேன். முகத்தை விடு, முழங்காலைப் பார் என்றேன். குதிரையின் விலாவை அந்த முழங்கால் எப்படி இறுக்குகிறது, ஈட்டி இறங்கும் பக்கம் தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, அதனால் எதிர்த்தொடை எங்கே போகிறது. அழித்தான், போட்டான், மறுபடி அழித்தான். கல் சுடும் அளவுக்கு வெயில் ஏறும்வரை இடுப்புக்கு மேலே நாங்கள் போகவில்லை.