குளத்து நீரும் கோலார்ச் சுரங்கமும்

உன்னிச்சைக் குளத்தில் ஒரு குவளை நீரை மொண்டு கையில் ஏந்துகிறோம் எனக் கொள்வோம். மட்டக்களப்பு வயல்களுக்கு உயிரூட்டும் அந்நீர் நம்மைத் தாக்குவதில்லை. இதிலென்ன விந்தை என வாசகர் வினவலாம். விந்தை உண்டு.

நீரிலுள்ள ஒவ்வோர் அணுவிலும் மறையேற்றங் கொண்ட இலத்திரன்களும் நேரேற்றங் கொண்ட புரோத்தன்களும் சம எண்ணிக்கையில் உள்ளன. புரோத்தன் இலத்திரனைப் போல் 1,836 மடங்கு பாரமுடையது. எருமைக்கும் எலிக்கும் உள்ள பேதம் அது! ஆயினும் மின்னேற்றத்தின் அளவில் இரண்டும் ஒன்றே. 1க்குப் பின் 21 சுழியங்களிட்ட எண்ணில் ஒரு பங்களவு வேறுபாடுகூடக் காணப்படவில்லை.

இச்சமநிலை சிறிது பிறழ்ந்தால் என்னாகும்? 200 மில்லிலீற்றர் நீர் கொண்ட இரு குவளைகளை ஒரு மீற்றர் இடைவெளியில் வைப்போம். இரண்டிலும் பத்து இலட்சம் இலத்திரன்களுக்கு ஒன்று வீதம் குறைந்துவிட்டால், அவை ஒன்றையொன்று தள்ளும் விசை ஏறக்குறையப் பத்துக் கோடி தொன் பாரத்துக்கு ஈடாகும். அப்பொழுது ஒவ்வொரு குவளையிலும் மிஞ்சி நிற்கும் ஏற்றமோ, சித்திரை மாதத்து மாலையில் வயல்வெளியில் விழும் மின்னலொன்று கொணரும் அளவினதே. (இடி முழங்குகையில் வயல் நடுவே நிற்பதும், தனிமரத்தின் கீழ் ஒதுங்குவதும் ஆகா என்பதைப் போடியார்மாருக்கும் வயற்காரருக்கும் இவ்விடத்திலேயே கூறி வைக்கிறோம்.)

1909ஆம் ஆண்டில் அமெரிக்கரான மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு இலத்திரனின் ஏற்றத்தை அளக்கத் தொடங்கினார். 1964இல் புரோத்தனும் முழுமுதற் பொருளன்று, அது மூன்று குவாக்குகளால் ஆனது என்ற கருத்துப் பிறந்தது. அவற்றுள் இரண்டு மூன்றில் இரு பங்கு நேரேற்றம் உடையன. மற்றையது மூன்றில் ஒரு பங்கு மறையேற்றம் உடையது. கூட்டிப் பார்த்தால் சரியாக ஒன்று!

குவாக்குக்கும் இலத்திரனுக்கும் உறவில்லையெனின் இக்கணக்கு இத்துணைச் செம்மையாய்ப் பொருந்துவானேன்? இரண்டும் ஒரே குடும்பத்தின என 1974ஆம் ஆண்டில் சிலர் கூறினர். ஆனால் அக்கூற்று மெய்யாயின் புரோத்தனும் என்றோ ஒரு நாள் அழிதல் வேண்டும். அழியினும் அதன் ஏற்றம் அழியாது. பொசித்திரன் என்னும் துகள் அதனை ஏந்திச் செல்லும்.

அந்த அழிவைக் காண விழைந்தோர் முதலில் நாடிச் சென்ற இடங்களுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாய் வியர்வை சிந்திய கோலார்த் தங்கச் சுரங்கம் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். விண்ணிலிருந்து பொழியும் துகள்களைத் தடுக்கப் பாறைக் கூரை வேண்டுமன்றோ! 1980ஆம் ஆண்டில் பம்பாய்த் தாதா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் அங்கே இரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 140 தொன் இரும்பை அடுக்கிக் காத்திருந்தனர். புரோத்தன் அழிந்த சுவடு போன்ற சில தென்பட்டதாகவும் அறிவித்தனர். பிறநாட்டுச் சோதனைகள் அதனை உறுதி செய்யவில்லை.

கோலார்ச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஜப்பானின் கமியோக்கா மலைக்கடியிலோ, 1996 முதல் 50,000 தொன் நீரை நிரப்பி இரவு பகலாய்ப் பார்த்திருக்கின்றனர். அந்நீரில் ஒரு புரோத்தனேனும் அழிந்ததாக இதுவரை செய்தியில்லை.